பதினாலு நாள் காவல்

பத்து மணி ஐந்து நிமிடத்துக்குத்தான் ட்ரும்பி வந்து பூட்டைத் திறந்தார். ரெகுலா ஒன்பதே முக்காலிலிருந்து படியில் நின்றுகொண்டிருந்தாள். 1974 அக்டோபர் பதினேழு, வியாழக்கிழமை. இரண்டு மணிக்கு மேடிசன் நகரத்தில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குத் தம்பி மெல்க் வண்டியோடு வாசலுக்கு வந்துவிடுவான்.

“அஞ்சு நிமிஷத்துக்கா இப்படி மொறைக்கற?” என்றார் ட்ரும்பி. “நூறு வருஷமா செத்துக் கெடக்கறவன். எங்கயும் ஓடிட மாட்டான்.”

அமெரிக்காவில் ஸ்விஸ்காரர்கள் குடியேறிய மில்பாக் ஊரின் பழைய காகிதங்கள் தேவாலயத்தின் பின்கட்டில் இரண்டு அறைகளில் இருந்தன. ட்ரும்பி முப்பத்தெட்டு வருடம் இந்த ஊருக்குத் தபால் போட்டவர். ஓய்வு பெற்றதும் அந்த அறைகளின் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். பழைய ஜெர்மன் கையெழுத்தைப் படிக்க ஊரில் மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். எந்தக் கிறுக்கலையும் படித்துவிடுவார்.

உள்ளே போனதும் வருகைப் புத்தகத்தில் பெயர், நேரம், கையெழுத்து போட வேண்டும். அது அவளுக்கு இருபத்திரண்டாவது முறை. முந்தைய பக்கங்கள் கண்ணில் படாமல் இருக்கப் புத்தகத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

ஜன்னல் வழியாக வாசலில் கிடந்த கல் தெரிந்தது. ஓர் ஆள் கை விரித்துப் படுக்கும் அளவுக்குப் பெரிய மாவு மில் கல். அம்மி கொத்துவது போல மில் கல்லையும் கொத்த வேண்டும். நடுக்குழியிலிருந்து விளிம்பு வரை வரிகள் நூல் பிடித்தது போல் ஓட வேண்டும். இந்தக் கல்லில் அவை மாடு மேய்ந்த தடம் போலப் போயின. பக்கத்தில் ஒரு பலகை: ‘பால்ஸ் ஹோஸ்லி, மில்காரர், 1869இல் குடிபோதையில் கொத்திய கல்.’

மில்பாக்கில் பிறந்த எவரும் அந்த வரிகளின் மேல் தள்ளாடி நடந்து காட்டாமல் வளர்ந்ததில்லை. ஆகஸ்ட் திருவிழாவில் ஊர்வலத்துக்கு முன்னால் ஓர் ஆள் உடம்பெல்லாம் மாவைப் பூசிக்கொண்டு, காலிப் புட்டியோடு ஆடிக்கொண்டு போவான். ரெகுலாவின் அப்பா ஜோஸ்ட் பதினோரு வருடம் அந்த வேஷம் போட்டார். எங்க கொள்ளுத் தாத்தா வேஷத்தை வேற எவன் போடறது என்பார். கடைசி இரண்டு வருடம் வேஷம் ரொம்பப் பொருந்தியிருந்தது என்று ஊரே மெச்சியது.

இப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. முதியோர் விடுதியில் நாற்காலியோடு சேர்த்து வாரால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். மடியில் கிடக்கும் கைகள் எதையோ பொறுக்கிக்கொண்டே இருக்கும். தோள் எம்பும். கால் உதைக்கும். பேச்சு குழறும். ஊர் அதைக் குடி என்றது. அவரும் சும்மா இருந்தவர் அல்ல. சீஸ் கம்பெனியில் வேலை முடிந்த எந்த மாலையும் அவர் பியர் இல்லாமல் வீடு திரும்பியதில்லை.

மார்ச் மாதம் மேடிசன் டாக்டர் இரண்டில் ஒன்று என்றார். குடியால் மூளை கெட்டிருக்கலாம். இல்லையென்றால் ஹண்டிங்டன் நோய். அது ரத்தத்தில் இறங்கி வருவது. நாற்பதை ஒட்டித்தான் தலைகாட்டும், வந்தால் போகாது. கண்டுபிடிக்கப் பரிசோதனை எதுவும் கிடையாது. முன்னோரில் யாருக்காவது இருந்ததா என்று பார்ப்பது ஒன்றே வழி. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. காசைச் சுண்டிப் போடுவது மாதிரி என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாம் என்பது போல டாக்டர் பேனாவை மூடி வைத்தார்.

ரெகுலாவுக்கு முப்பத்து மூன்று வயது. மெல்க்குக்கு இருபத்தெட்டு.

அப்பாவின் அப்பா முப்பத்தெட்டு வயதில் விஷக் காய்ச்சலில் போனார். அவருடைய அப்பா முப்பத்தாறில், சாய்ந்த மரத்தின் அடியில். யாரும் நாற்பதைப் பார்க்கவில்லை. அதற்கு முன்னால் யார் என்று டாக்டர் கேட்டார். பால்ஸ் ஹோஸ்லி. அவன் மட்டும்தான் நாற்பத்தெட்டு வரை இருந்தான்.

அவர் என்ன ஆனார் என்று டாக்டர் கேட்டபோது ரெகுலா குடிகாரர் என்றாள். அவள் வாழ்க்கையில் அந்தச் சொல்லை நம்பிக்கையோடு சொன்னது அதுதான் முதல் தடவை.

இன்னொன்றும் டாக்டர் கேட்டிருந்தார். அப்பா தூங்கும்போது கை ஆடுகிறதா என்று பார்த்து வரச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் கட்டிலருகே உட்கார்ந்து பார்த்தாள். அவர் கண்ணயர்ந்ததும் கை நின்றது, தோள் நின்றது, கால் நின்றது. கடையைச் சாத்தியது போல் இருந்தது. முக்கால் மணி கழித்து விழித்தார். எல்லாம் மறுபடி தொடங்கின. அதைச் சொன்னதும் டாக்டர் எழுதிக்கொண்டார். அது அந்த நோயின் பக்கம்தான் பேசுகிறது, ஆனால் ஒரு சாட்சி போதாது என்றார்.

அன்று மாலையே மெல்க் அவள் வீட்டுக்கு வந்தான். அவனும் மனைவி டோராவும் அந்த வசந்தத்தில் குழந்தை பெற்றுக்கொள்ளத் துணிந்திருந்தார்கள். செர்ரி மரப் பலகைகளைக் கொட்டகையில் உலர்த்தப் போட்டிருந்தான், தொட்டிலுக்கு. இப்போது எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தான்.

“மில்காரன் மொடாக்குடியன்னு ஒரு காயிதம் கொண்டா. மறுநாளே பலகைய அறுக்கறேன்” என்றான்.

அதிலிருந்து ஏழு மாதம் அவள் குடிகாரனைத் தேடினாள்.

முதல் மூன்று மாதம் வீண். 1849 கப்பல் பட்டியலில் பால்ஸுக்கு எதிரே ஓர் ஊர்ப் பெயர் இருந்தது. அந்த ஊர் ஞானஸ்நானப் புத்தகங்களில் அவனைத் தேடச் சொல்லிக் கடிதம் மேல் கடிதம் எழுதினாள். அப்படி ஒருவன் பிறக்கவே இல்லை என்று பதில் வந்தது. ட்ரும்பிதான் தலையில் அடித்துக்கொண்டார். எந்த ஊர் என்று கேட்டால் ஸ்விஸ்காரன் பூர்வீகத்தைச் சொல்வான், பிறந்த இடத்தையா சொல்வான், நாலு தலைமுறை அமெரிக்கத் தண்ணி குடிச்சதில் அதுகூட மறந்துபோச்சா என்றார். பால்ஸ் பிறந்தது பூர்வீக ஊர் இருந்த அதே கிளாருஸ் என்ற ஸ்விஸ் பள்ளத்தாக்கில் பத்து மைல் கீழே, தகப்பன் வேலை பார்த்த ஒரு மில்லில்.

ஆனால் ஏழைகளுக்குச் சோறு போடும் பொறுப்பு பூர்வீக ஊருடையது. அதனால் அங்கேயும் ஒரு காகிதம் இருந்தது. செப்டம்பரில் நகல் வந்தது. பால்ஸ் ஹோஸ்லி, இருபத்தைந்து வயது, மில் தொழிலாளி. ஊர்ச்சபை செலவில் அமெரிக்காவுக்கு அனுப்பப்படுகிறான், திரும்பி வரக் கூடாது. கீழே ஒரு வரி: ‘இவன் தகப்பன் குடியால் நிலைதடுமாறி மில்லிலிருந்து விலக்கப்பட்டவன்.’

அதைத் தொலைபேசியில் படித்துக் காட்டினாள். ஆறு மாதத்தில் மெல்க் சிரித்து அன்றுதான் கேட்டாள். அப்பனும் மகனும் தண்ணிப் பார்ட்டி, நல்ல குடும்பம் என்றான்.

மிச்சமிருந்தது மூப்பர் சபைக் குறிப்பேடு ஒன்றுதான். குடி, சண்டை, கள்ள உறவு என்று சபை மூப்பர்கள் விசாரித்த விஷயங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஊரில் பாதிப் பேரின் மானம் அதில் இருப்பதால் போதகர் அதைத் தன் அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். நேற்றுத்தான் அனுமதி தந்தார்.

ட்ரும்பி மேஜை விளக்கைப் போட்டார். குறிப்பேட்டைக் குழந்தையை இறக்குவது போல இறக்கி வைத்தார். அவள் குடும்பத்தின் களங்கத்தைத் துடைக்க வந்திருக்கிறாள் என்பது அவர் நினைப்பு. அவள் அதைத் திருத்தவில்லை.

“மனசத் தேத்திக்கோ. உள்ள என்ன இருந்தாலும் படிப்பேன். கடுதாசிய மறைச்சுப் பழக்கமில்ல எனக்கு.”

“படிங்க ஐயா.”

1866 பிப்ரவரி. மில்காரன் பால்ஸ் ஹோஸ்லி ஆராதனைக்கு வரும் வழியில் தள்ளாடி விழுந்தான். குடிக்கவில்லை என்கிறான். எச்சரிக்கப்பட்டான்.

விசாரிக்கப்பட்டவன் அடியில் கையெழுத்துப் போட வேண்டும். ட்ரும்பி புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். நல்ல கையெழுத்து. கடைசி எழுத்து மட்டும் கோட்டை விட்டுச் சற்று இறங்கியிருந்தது.

1867 மே. மறுபடி அதே புகார். மனைவி அன்னா பார்பரா அழைக்கப்பட்டாள். வீட்டில் சாராயம் இல்லை, இருந்ததும் இல்லை என்றாள். சாராயக் கடைக்காரன் அழைக்கப்பட்டான். மில்காரன் தன் கடைக்குள் வந்தே மூன்று வருடம் ஆகிறது என்றான். இருவரும் அவனுக்குப் பரிந்து பேசுவதாக மூப்பர்கள் எழுதியிருந்தார்கள்.

அடியில் கையெழுத்து. எழுத்துகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன.

“சாராயக் கடைக்காரனே இல்லங்கறான்” என்றார் ட்ரும்பி. அவர் குரலில் உற்சாகம் ஏறியது. “சொந்த ஏவாரத்துக்கு எதிரா எவன் பொய் சொல்லுவான்?”

ரெகுலா கடிகாரத்தைப் பார்த்தாள். பத்தே முக்கால். வீட்டில் காய்ச்சியிருக்கலாமே என்றாள். தன் குரல் கெஞ்சுவது அவளுக்கே கேட்டது.

ட்ரும்பி கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். “நீ எந்தக் கட்சிம்மா?”

1868 நவம்பர். அந்தப் பதிவு நான்கு பக்கம். படிக்க ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. சில இடங்களில் மை பரவியிருந்தது. ட்ரும்பி ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் மென்று பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார்.

பால்ஸ் பைபிள் மேல் கை வைத்து, தான் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தான். கை பைபிள் மேல் நிற்கவில்லை. அதைச் சிலர் பார்த்தார்கள். மூப்பர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். பள்ளி ஆசிரியர் ஃபாபியன் ட்சென்ட்னரும் ஊர்க் கொல்லனும் பதினாலு நாள் மில்லிலேயே தங்க வேண்டும். அவனைக் கண்ணிலிருந்து விடக் கூடாது.

இருவரும் தங்கினார்கள். அவன் குடித்த காப்பியை முதலில் கொல்லன் குடித்துப் பார்த்தான். கோப்பையை முகர்ந்தார்கள். மாவு மூட்டைகளில் கம்பி விட்டுக் குத்தினார்கள். தண்ணீர்ச் சக்கரத்தின் அடியில் இறங்கித் தேடினார்கள். கொல்லைக்குப் போனாலும் கூடவே போனார்கள். அந்த இடத்தில் ட்ரும்பி கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

ரெகுலா சிரிக்கவில்லை. ஒரு புட்டி. பதினாலு நாளில் ஒரே ஒரு புட்டி அகப்பட்டிருந்தால் போதும். ஒரு மூட்டைக்கு உள்ளே. ஒரு கல்லுக்குப் பின்னால். கொல்லன் இன்னொரு முறை சக்கரத்தடியில் இறங்கியிருக்கலாம்.

அகப்படவில்லை. பதினாலு நாளும் அவன் குடித்தது தண்ணீர், பால், காப்பி. பன்னிரண்டாம் நாள் மூட்டை தூக்கும்போது கை விசிறி அடித்து மூட்டை கீழே விழுந்தது. தரை படகாக ஆடுவது போல நடந்தான். கொல்லன் பார்த்து எழுதச் சொன்னது அவ்வளவுதான்.

“இங்க ஒரு துண்டுக் காயிதம் ஒட்டியிருக்கு” என்றார் ட்ரும்பி. “வாத்தியார் எழுதினது. நல்ல கையெழுத்து, மகராசன்.”

அவர் ஒரே மூச்சில் படித்தார்.

“‘இரவுகளில் நான் விழித்திருந்து கவனித்தேன். தூங்கும்போது மட்டும் அவன் கைகால்கள் அடங்கிக் கிடக்கின்றன. விழித்த கணமே தொடங்கிவிடுகின்றன. இதற்கு என்ன காரணம் என்று எனக்குத் தெரியவில்லை.’”

ரெகுலா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“மறுபடி படிங்க.”

அவர் படித்தார். பிறகு மூப்பர்களின் தீர்ப்புக்கு வந்தார். பதினாலு நாளும் அவன் குடித்ததை எவரும் காணவில்லை. ஆனாலும் தள்ளாட்டம் குறையவில்லை. ஆகவே அவன் ஒளித்துக் குடிப்பதில் கைதேர்ந்தவன் என்று சபை கருதுகிறது. தூக்கத்தில் உடல் அடங்குவதே அதற்குச் சாட்சி. தூங்குகிறவனால் குடிக்க முடியாது. தேவாலயத்தின் திருவிருந்துச் சடங்கிலிருந்து அவன் விலக்கப்பட்டான்.

“பாத்தியா லட்சணத்த? தூங்கறப்ப குடிக்க முடியலயாம், அதனால ஆட்டம் நின்னுபோச்சாம். இவனுகள்லாம் மூப்பனுக. இந்த மண்டைகள நம்பி நூறு வருஷமா ஒரு மனுஷனக் கல்லு மேல கிடத்தி மிதிச்சிருக்கோம்.”

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

இன்னும் ஒரே ஒரு பதிவு. 1870 மார்ச். குற்றத்தை ஒப்புக்கொண்டால் திரும்பச் சேர்ப்பதாக மூப்பர்கள் சொன்னார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. அடியில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் குறி. கிடைக்கோடு நெடுங்கோட்டைத் தொடவில்லை.

“எழுதத் தெரிஞ்சவன் சிலுவை போடறான்” என்றார் ட்ரும்பி. “ரோஷம். உங்க சபைக்கு என் கையெழுத்து கெடையாதுங்கறான்.”

ரெகுலா அந்தச் சிலுவையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். மே மாதம் விடுதியில் சேர்க்கும்போது படிவத்தில் அப்பா போட்டார். முதல் தடவை பேனா காகிதத்தைக் கிழித்தது. இரண்டாம் தடவை இப்படித்தான் வந்தது.

இரண்டு வருடம் கழித்து பால்ஸ் மில் வாய்க்காலில் பிணமாகக் கிடந்தார். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். தானே விழுந்தார் என்று முடிவு செய்து கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே புதைத்தார்கள்.

மணி பதினொன்று நாற்பது. அந்தத் துண்டுக் காகிதத்தையும் தீர்ப்பையும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொன்னாள். ட்ரும்பி நாவின் நுனியைக் கடித்துக்கொண்டு எழுதினார். அடியில் தன் பெயரையும், முன்னாள் தபால்காரர் என்றும் சேர்த்தார். எழுதிக்கொண்டே ஞாயிற்றுக்கிழமை போதகரிடம் பேசப்போவதாகச் சொன்னார். பலகையை மாற்ற வேண்டும். திருவிழா வேஷத்தை நிறுத்த வேண்டும். முடிந்தால் வேலியைத் தள்ளிப் போட்டு அந்த மனிதரை உள்ளே கொண்டுவர வேண்டும்.

“ஒங்கப்பாவுக்குச் சொல்லும்மா. மனுஷன் கேட்டா எவ்வளவு சந்தோஷப்படுவாரு. மெல்க் வரட்டும், நானே சொல்றேன்.”

“வேணாம் ஐயா. நான் சொல்லிக்கறேன்.”

“அதுவும் சரிதான். நல்ல சேதிய வீட்டாளுகதான் சொல்லணும்.”

அவர் மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். கறுப்பு ரொட்டி, வெங்காயம், நாறும் சீஸ். அவள் காகிதத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பையில் வைத்தாள்.

வெளியேறும் நேரத்தையும் எழுத வேண்டும். வருகைப் புத்தகத்தில் பதினொன்று ஐம்பத்திரண்டு என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகு, அது வரை செய்யாததைச் செய்தாள். பக்கங்களைப் பின்னால் திருப்பினாள். செப்டம்பர். ஜூலை. ஏப்ரல். ஹோஸ்லி, ஹோஸ்லி, ஹோஸ்லி. ஏப்ரலில் கடைசி எழுத்து கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. இன்றைக்கு ஒரு மயிரிழை இறங்கியிருந்தது போல் தெரிந்தது. ஜூலையிலும் ஒன்று அப்படித்தான் இருந்தது. ஆகஸ்டில் நேராக இருந்தது. பேனாவாக இருக்கலாம். புத்தகத்தை மடக்கிப் பிடித்ததாகவும் இருக்கலாம். கையை எடுத்து வெளிச்சத்தில் நீட்டிப் பிடித்தாள். நின்றது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.

மெல்க் சீக்கிரமே வந்துவிட்டான். வண்டியை ஓடவிட்டே இறங்கி நின்றான். டாக்டரைப் பார்க்கப் போவதால் முகம் மழித்திருந்தான், தாடையில் ஒரு சின்ன வெட்டு. வண்டியின் பின்னால் சாக்குத் துணி போர்த்தி ஏதோ நீளமாகக் கிடந்தது. துணி விலகிய இடத்தில் பலகையின் சிவப்பு தெரிந்தது. மேடிசன் போகும் வழியில்தான் மரம் அறுக்கும் பட்டறை.

அவள் படியில் நின்றாள். கை கோட்டுப் பைக்குள் இருந்தது.

அவள் முகத்தை அவன் பார்த்தான். அவளைச் சிரிக்க வைக்க அவனுக்குத் தெரிந்த வழி சின்ன வயதிலிருந்து ஒன்றுதான். கல்லின் மேல் ஏறினான். கைகளை விரித்து, தலையைத் தொங்கவிட்டு, அந்தக் கோணல் வரிகள் போன போக்கில் தள்ளாடித் தள்ளாடி விளிம்பு வரை நடந்தான். நன்றாகத்தான் நடந்தான். அப்பா மாதிரியே. விளிம்புக்கு வந்ததும் நிமிர்ந்தான். முகத்தில் பாதிச் சிரிப்பு இன்னும் இருந்தது.

“என்னக்கா, குடிகாரன்தானே?”